பழுதான ஆம்ப்ளிபையரை என்ன செய்வது?

குடும்ப ஆலோசனைப் பகுதி



மும்பை சயான் பகுதியில் வசிக்கும் சகோதரர் ஒருவர் எழுதிய கடிதமே இம்மாதப் பகுதிக்குக் காரணமாயிற்று. அவருடைய தமையனார் அயல்நாட்டில் வேலை செய்த காலத்தில் விரும்பி வாங்கி, பின்பு தம்பியிடம் ஒப்புவித்த உயர்தர ஆம்ப்ளிபையர் ஒன்று வீட்டில் இருக்கிறது. தமையனார் இப்பொழுது உயிரோடில்லை. கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை வலப்பக்க ஸ்பீக்கர் ஓசையற்றுப் போயிற்று. மெல்லிய கருகல் வாசனையும் வந்தது. அன்று அணைத்த கருவி இன்றுவரை மேசையின் கீழே இருக்கிறது. மூன்று இடங்களில் விசாரித்தார். மூன்று விதமான பதில்கள் கிடைத்தன. ஜூன் மாதத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தவேண்டும். "சீர்ப்படுத்துவதா, விற்பதா, அப்படியே வைத்திருப்பதா? மனைவி ஒன்று சொல்லுகிறாள், என் மனது வேறொன்று சொல்லுகிறது" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நம்மில் அநேகருடைய வீடுகளில், சக்திக்கு மிஞ்சி வாங்கிய ஒரு பொருளாவது, உறவினர் அன்பாய்க் கொடுத்த ஒரு பொருளாவது இருக்கிறது. அது ஓடும்வரையில் சந்தோஷம். நின்றுபோனால் தீர்மானிக்க இயலாத பாரம். ஆகையால் இதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

1. கருவியின் உள்ளே இருப்பது என்ன?

தீர்மானிக்கவேண்டியவன் முதலாவது பொருளை அறிந்திருக்கவேண்டும். ஆம்ப்ளிபையர் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் அதன் உள்ளே நான்கு பிரிவுகள் உண்டு. முதலாவது, மின்சாரம் வழங்கும் பகுதி. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் குறைக்கிறது. ரெக்டிபையர் அதை ஒரே திசையில் பாயச் செய்கிறது. பெரிய கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கிச் சமன்படுத்துகின்றன. இரண்டாவது, பாட்டின் மெல்லிய மின்னலையைப் படிப்படியாய்ப் பெருக்கும் சிறு டிரான்சிஸ்டர்கள். மூன்றாவது, ஸ்பீக்கரை நேரடியாக இயக்கும் பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். இவை அலுமினியத் தகடுகளின்மேல் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். நான்காவது, ஆபத்து நேர்ந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காக்கும் ரிலே. சுவிட்ச் போட்டுச் சில நொடிகளுக்குப் பின் "டக்" என்று கேட்கிறதே, அதுதான் இதன் சத்தம்.

ஒரு பக்கத்துக்கு 200 வாட் கொடுக்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அந்தச் சக்தியை அளிக்க மின்னலையின் உச்சம் ஏறக்குறைய 57 வோல்ட்டைத் தொடவேண்டும். ஆகவே உள்ளே நேர்மின் பக்கம் 65 முதல் 70 வோல்ட்டும், எதிர்மின் பக்கம் அதே அளவும் நிலையாக இருக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று உள்ளுக்குள் ஒட்டிப்போனால், அந்த 70 வோல்ட் முழுவதும் டி.சி. மின்சாரமாக ஸ்பீக்கருக்குள் பாயப் பார்க்கும். ரிலே தடுக்காவிட்டால் ஸ்பீக்கரின் காயில் சில நொடிகளில் எரிந்துபோகும். சகோதரருடைய கருவியில் ஒரு பக்கம் ஓசையடங்கியதும் கருகல் வாசனை வந்ததும் இத்தகைய சேதத்தின் அடையாளமாயிருக்கக்கூடும். "இருக்கக்கூடும்" என்றே சொல்லுகிறேன்; திறந்து அளந்து பாராமல் எவரும் அதற்குமேல் சொல்ல இயலாது.

2. பழுது கருவியில்தானா?

கருகல் வாசனையோ, புகையோ, பியூஸ் திரும்பத் திரும்பப் போவதோ இருந்தால் கருவிக்கு மறுபடியும் மின்சாரம் கொடுக்கவே கூடாது. "இன்னொருமுறை போட்டுப் பார்ப்போம்" என்று போடும்போது, ஒரு டிரான்சிஸ்டரோடு நின்றிருக்கவேண்டிய சேதம் பத்துப் பாகங்களுக்குப் பரவக்கூடும்.

அப்படிப்பட்ட அடையாளம் ஒன்றும் இல்லாமல் ஒரு பக்கம் மாத்திரம் ஒலிக்கவில்லையென்றால், கடைக்குத் தூக்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கருவியை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்களை இடது வலதாய் மாற்றுங்கள். இப்போதும் அதே ஸ்பீக்கர் ஊமையாயிருந்தால் குற்றம் ஸ்பீக்கரில் அல்லது அதன் ஒயரில். ஊமைத்தனம் மறுபக்க ஸ்பீக்கருக்குப் போனால் குற்றம் அதற்கு முன்னே இருக்கிறது. பின்பு சி.டி. பிளேயரிலிருந்து வரும் ஒயர்களை ஆம்ப்ளிபையரின் பின்புறத்தில் இவ்விதமே மாற்றுங்கள். குற்றமும் பக்கம் மாறினால் அது பிளேயரில் அல்லது அதன் ஒயரில், மாறாவிட்டால் ஆம்ப்ளிபையரில். பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல், முப்பது கிலோ பெட்டியை டாக்சியில் ஏற்றிக்கொண்டுபோய், இருநூறு ரூபாய் ஒயரில் குற்றம் என்று அறிந்து திரும்பியவர்களும் உண்டு.

3. மூடியைத் திறக்கலாமா?

கைத்தொழில் தெரிந்த வாலிபர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. அவர்களுக்கு ஒரு எச்சரிப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கருவியில் மின்சாரம் இல்லை என்று எண்ணவேண்டாம். 70 வோல்ட்டில் நிரம்பிய 10,000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 ஜூல் சக்தியைத் தேக்கி வைத்திருக்கிறது. கெப்பாசிட்டரை வடிக்க அமைக்கப்பட்ட ரெசிஸ்டர் பழுதாயிருந்தால், அணைத்து நெடுநேரமான பின்பும் அது நிரம்பியே இருக்கும். ஸ்குரூடிரைவரால் அதன் இரு முனைகளையும் தொட்டு வடிப்பது தீப்பொறிக்கும் சேதத்துக்கும் வழி. தொழில் அறிந்தவர்கள் 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்புள்ள பிடியோடு வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பின்பு மீட்டரால் அளந்து உறுதிசெய்துகொள்வார்கள்.

வால்வுகள் உள்ள ஆம்ப்ளிபையரானால் 400, 500 வோல்ட்கூட இருக்கும். அது உயிரையே வாங்கக்கூடியது. பயிற்சியில்லாதவர்கள் அதன் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பியூஸ் விஷயத்திலும் ஒரு வார்த்தை. போன பியூஸுக்குப் பதிலாக ஒயர் இழையைச் சுற்றுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வைப்பதும், அதிக ஆம்பியர் பியூஸ் போடுவதும் நம் ஊர்களில் சாதாரணமாயிற்று. பியூஸ் போனது எதையோ அறிவிப்பதற்காக. அறிவிப்பவனின் வாயை அடைத்தால் வீடே பற்றியெரிய இடமுண்டு. அதே ஆம்பியர், அதே வகை பியூஸ் மாத்திரமே போடவேண்டும். அதுவும் உடனே போனால் கருவியை ஒதுக்கிவைத்துவிட வேண்டும்.

4. அடையாளங்களும் அவற்றின் பொருளும்

எல்லாப் பழுதும் பெரும்பழுதல்ல. குறைந்த ஒலியில் ஒரு பக்கம் கரகரத்து அல்லது மங்கி, ஒலியைக் கூட்டியவுடன் தெளிந்துவிடுகிறதா? ரிலேயின் தொடுமுனைகள் கறுத்திருக்கலாம். கடற்காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள மும்பையில் இது சாதாரணம். புதிய ரிலே ஒன்றின் விலை அற்பமே. ஒலிக் குமிழைத் திருப்பும்போது மாத்திரம் கரகரப்பு வந்தால் அந்தக் குமிழைச் சுத்தம்பண்ணினாலே பெரும்பாலும் போதும்.

"உம்" என்ற இரைச்சல் வந்தால், பின்புறமுள்ள உள்ளீட்டு ஒயர்கள் யாவையும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் வெளியே, பெரும்பாலும் எர்த் இணைப்பில். நில்லாவிட்டால் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கலாம். இவ்வகைக் கெப்பாசிட்டர்களின் உள்ளே திரவம் உண்டு. காலத்தாலும் வெப்பத்தாலும் அது வற்றும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. ஆகவே காற்றில்லாத அலமாரிக்குள் இருந்த கருவி சீக்கிரம் முதுமையடைகிறது.

சுவிட்ச் போட்டும் "டக்" சத்தம் வரவில்லையானால், பாதுகாப்பு அமைப்பு ஏதோ ஆபத்தைக் கண்டு ஸ்பீக்கரை இணைக்க மறுக்கிறது என்று பொருள்கொள்ளலாம். பியூஸ் உடனே போவதும், கருகல் வாசனையும் அவுட்புட் பகுதியின் சேதத்தைக் குறிக்கலாம். இவை இரண்டும் பயிற்சி பெற்ற கைகளுக்கு உரியவை.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவிக்கு இன்னொரு காரியமும் உண்டு. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். உறவினர் அனுப்பிய கருவியின் பின்புறத்தை வாசியாமல் நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினதால் கெட்டவை அநேகம். சில கருவிகளில் டிரான்ஸ்பார்மரின் இணைப்பை உள்ளே மாற்றி 230 வோல்ட்டுக்கு ஏற்றதாக்கலாம். மற்றவற்றுக்கு வெளியே போதுமான திறனுள்ள ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு, பல்லியும் கரப்பான்பூச்சியும் காற்றுத்துளை வழியாய் உள்ளே போய்ச் செய்யும் சேதமும் நம் வீடுகளில் குறைவல்ல.

5. யாரிடத்தில் கொடுப்பது?

சகோதரர் பெற்ற மூன்று பதில்களைப் பாருங்கள். ஒருவர், "வேறு நகரத்திலுள்ள சர்வீஸ் சென்டருக்கு அனுப்பவேண்டும், போர்டு முழுவதையும் மாற்றவேண்டியிருக்கும்" என்று பெருந்தொகை சொன்னார். இரண்டாமவர், "எட்டாயிரத்து ஐந்நூறு கொடுங்கள், இரண்டு நாளில் முடித்துவிடலாம்" என்றார். மூன்றாமவர், "இதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள், புதியது தருகிறேன்" என்றார். தொகையில் இத்தனை வித்தியாசம் இருந்தாலும் மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: மூவரும் கருவியைத் திறந்து பார்க்கவில்லை. ஆகவே சகோதரர் கையில் இருப்பவை மூன்று மதிப்பீடுகள் அல்ல, மூன்று யூகங்களே. யூகத்தின்மேல் தீர்மானம் எடுக்கமுடியாமல் அவர் தவிப்பதில் ஆச்சரியமில்லை.

மருத்துவத்தில் பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு என்பதை நாம் அறிந்திருக்கிறோம். கருவிக்கும் அப்படியே. முதலாவது பரிசோதனைக்கு மாத்திரம் கட்டணம் கொடுங்கள். "ஐயா, திறந்து பாருங்கள், என்ன கெட்டிருக்கிறது, எந்தப் பாகங்கள் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று எழுதிக்கொடுங்கள், சீர்ப்படுத்துவதை நான் பின்பு சொல்லுகிறேன்" என்று தெளிவாய்க் கேளுங்கள். வேலையை அவரிடம் கொடுக்காமற்போனாலும் பரிசோதனைக் கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள். ஒரு மனிதன் இரண்டு மணி நேரம் குனிந்து பார்த்த பிரயாசத்துக்கு அது அவனுடைய கூலி.

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மூலப் பாகங்களும் சர்வீஸ் புத்தகமும் கிடைக்கும்; ஆனால் பழைய மாடல்களுக்குப் போர்டு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். தனியாய்த் தொழில் செய்யும் அனுபவசாலி ஒவ்வொரு பாகமாகக் கண்டுபிடித்து மாற்றுவார். பழைய கருவிக்குப் பெரும்பாலும் இவரே ஏற்றவர். மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், கொல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், ஹைதராபாத்தில் கோட்டி ஆகிய இடங்களில் உதிரிப்பாகக் கடைகள் நெருக்கமாயுண்டு; நல்ல டெக்னீஷியன்களின் முகவரி அக்கடைக்காரர்களுக்குத் தெரியும். டி.வி.யும் மிக்ஸியும் பார்க்கும் தெருக்கடைக்காரர் நல்லவராயிருக்கலாம்; ஆனால் உயர்தர ஆம்ப்ளிபையர் அவருக்குப் பரிச்சயமில்லாதது.

ஆளைத் தெரிந்தெடுக்கச் சில கேள்விகள் போதும். இந்தக் கருவியின் சர்க்யூட் வரைபடம் உங்களிடம் இருக்கிறதா? சீர்ப்படுத்தியபின் முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது எப்படிக் கொடுப்பீர்கள்? சீரிஸ் பல்பு போட்டு, அல்லது வேரியாக் கொண்டு மெதுவாய் ஏற்றி என்று பதில் வந்தால் அவர் தொழில் அறிந்தவர். குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்தால், உள்ளே இன்னும் பழுதிருக்கும்போது பல்பு பிரகாசமாய் எரிந்துகொண்டிருக்கும். புதிதாய்ப் போட்ட பாகங்கள் தப்பும். "நேரடியாகப் போட்டுப் பார்ப்பேன்" என்பவரிடத்தில் விலையுயர்ந்த கருவியைக் கொடுக்கவேண்டாம்.

6. போலிப் பாகங்கள்

இந்த இடத்தில்தான் அநேகருடைய பணம் வீணாகிறது. பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் போலிகள் ஏராளம். வெளியே அசல் பெயரும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே அளவில் சிறிய, மலிவான சில்லு இருக்கும். மெல்லிய ஒலியில் அது நன்றாய்ப் பாடும்; ஒரு நாள் ஒலியைக் கூட்டும்போது வெடித்து, கூட இருப்பவற்றையும் அழித்துவிடும்.

சில குறிப்புகள் தெரிந்திருந்தால் நல்லது. மோட்டோரோலா நிறுவனம் இத்தகைய டிரான்சிஸ்டர்களைச் செய்த பிரிவை 1999இல் ஆன் செமிகண்டக்டர் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ஆகவே மோட்டோரோலா முத்திரையும் அண்மைக்காலத் தேதியும் சேர்ந்து இருந்தால் சந்தேகப்படவேண்டும். நம் டெக்னீஷியன்கள் நன்கறிந்த எஸ்.டி.கே. ஐ.சி.களைச் செய்த சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவும் 2011இல் அதே நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. சான்யோ பெயரில் புத்தம் புதியதாய் மின்னும் எஸ்.டி.கே. ஐ.சி. இன்று கடையில் மலிவாய்க் கிடைத்தால் அதை நம்புவது கடினம். மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகாரமுள்ள விற்பனையாளரிடம் வரவழைத்தால் விலையும் சுங்கமும் சற்று அதிகமாகும். ஆனால் பொருள் அசலாயிருக்கும். டெக்னீஷியனிடம், "பாகங்களை எங்கிருந்து வாங்குகிறீர்கள்? பில் காட்டமுடியுமா?" என்று கேட்பது அவமரியாதையல்ல.

எரிந்த டிரான்சிஸ்டரை மாத்திரம் மாற்றினால் போதாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அது எரியும்போது அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும், அருகிலுள்ள ரெசிஸ்டர்களையும் கெடுத்திருக்கும். அந்தப் பக்கத்து ஜோடிகள் யாவையும் ஒரேவகையாய், ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் மாற்றுவதே முறை. எட்டாயிரத்து ஐந்நூறு சொன்னவர் ஒரு டிரான்சிஸ்டருக்கு மாத்திரம் கணக்கிட்டாரோ என்னவோ!

மறுபுறம், "எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுவோம்" என்று தேவையில்லாமல் பட்டியலை நீட்டுகிறவர்களும் உண்டு. இருபது ஆண்டு கடந்த, சூடேறும் கருவியில் திரவமுள்ள கெப்பாசிட்டர்களை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. பிலிம் வகைக் கெப்பாசிட்டர்கள் அப்படி வற்றுவதில்லை; பழுதென்று அளந்து காட்டாதவரையில் அவற்றைத் தொடவேண்டியதில்லை.

7. உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

எழுத்தில் மதிப்பீடு வந்தபின், கணவனும் மனைவியும் ஒன்றாய் உட்கார்ந்து மூன்று தொகைகளைக் காகிதத்தில் எழுதவேண்டும். ஒன்று, இதே கருவி நல்ல நிலையில் இன்று பழைய சந்தையில் என்ன விலை போகும்? இரண்டு, பழுதான இந்த நிலையில் என்ன விலை போகும்? மூன்று, சீர்ப்படுத்த எவ்வளவு ஆகும்? மூன்றாவதோடு போக்குவரத்தையும், எதிர்பாராத செலவுக்காக நான்கில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, நல்ல நிலையில் 1,00,000 ரூபாய், பழுதான நிலையில் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சீர்ப்படுத்துவதால் கூடும் மதிப்பு 70,000. செலவு எல்லாம் சேர்ந்து 32,000 என்றால் சீர்ப்படுத்துவது லாபம். பின்பு விற்கிறவருக்கும் லாபம். செலவு 68,000 என்றால் விற்கிறவருக்குப் பயனில்லை. வைத்துக்கொள்ள விரும்புகிறவர் மாத்திரம் யோசிக்கலாம். செலவு 80,000 என்றால், அதே நிலையிலுள்ள வேறொன்றை வாங்குவதே மலிவு.

இந்தக் கணக்கில் ஒரு தொகை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வாங்கிய விலை! "அண்ணன் அந்தக் காலத்தில் மூன்று லட்சம் கொடுத்தார்" என்பது உண்மையாயிருக்கலாம். அது போன பணம். இன்று எடுக்கும் தீர்மானத்தில் அதற்கு இடமில்லை. வாங்கிய விலையை நினைத்து நினைத்தே அநேகர் செல்லாத பொருளுக்குச் செல்லும் பணத்தைச் செலவிடுகிறார்கள்.

ஆனால் சகோதரருடைய கணக்கில் காகிதத்தில் அடங்காத நான்காவது ஒன்று உண்டு. அது தமையனாரின் நினைவு. அதை அற்பமாய் எண்ணும்படி நான் சொல்லமாட்டேன். இரண்டு சகோதரர் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்ட கருவி அது. அதற்காகச் சற்று அதிகம் செலவிடுவது பாவமுமல்ல, மதியீனமுமல்ல. ஒன்றுமாத்திரம்: அதை அதன் பெயராலேயே சொல்லவேண்டும். "இது லாபம்", "இது முதலீடு" என்று மனைவியிடம் நியாயம் பேசவேண்டாம். "அண்ணனுடைய நினைவுக்காகப் பதினைந்தாயிரம் அதிகம் செலவிட என் மனது விரும்புகிறது, உன் எண்ணம் என்ன?" என்று கேளுங்கள். தீர்மானித்தபின் அறிவிப்பது வேறு, தீர்மானிக்குமுன் கேட்பது வேறு. கல்லூரிக் கட்டணத்தைக் குறித்துக் கவலைப்படும் மனைவி, பெரும்பாலும் கருவியை அல்ல, கேளாமல் செலவிடப்படுவதையே எதிர்க்கிறாள்.

அவசரமும் தேவையில்லை. அணைத்து, ஈரமில்லாத இடத்தில் துணியால் மூடி வைக்கப்பட்ட கருவி இரண்டு மூன்று மாதத்தில் மேலும் கெட்டுப்போவதில்லை. ஆகவே சகோதரருக்கு என் ஆலோசனை: இப்பொழுது பரிசோதனைக்கு மாத்திரம் கொடுங்கள். எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அது எத்தனை மாதம் செல்லும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் மகளுக்குக் கட்டணத்தைக் கட்டுங்கள். அதன்பின் மீதியைப் பார்த்து இருவருமாய்த் தீர்மானியுங்கள். கட்டணத்துக்குக் கடைசி நாள் உண்டு, கருவிக்கு இல்லை.

8. கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும்

கொடுக்குமுன் கருவியின் வரிசை எண்ணையும், மூடியின் நான்கு பக்கங்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கனமான டிரான்ஸ்பார்மர் அசைந்து உள்ளே சேதம் செய்யாதபடிக்கு நிமிர்த்திய நிலையிலேயே கொண்டுபோங்கள். அலுவலக நேரத்து லோக்கல் ரயில் இதற்கு உகந்ததல்ல.

திரும்ப வாங்கும்போது இரண்டு அளவுகளைப் பில்லில் எழுதிக் கேளுங்கள். ஒன்று, பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் உள்ள டி.சி. வோல்ட். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நலம். ஒரு வோல்ட்டை எட்டினால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது. இரண்டு, பயஸ் மின்னோட்டம். கம்பெனி சொல்லும் அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். உதாரணமாக, 0.22 ஓம் ரெசிஸ்டரின்மேல் 22 மில்லிவோல்ட் காட்டினால் அது 100 மில்லிஆம்பியர். இரண்டு பக்கமும் ஒத்திருக்கவேண்டும். கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரு பக்கத் தகடுகளும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் முதல் சில நாட்கள் மலிவான பழைய ஸ்பீக்கரை இணைத்து ஓட்டுவது நலம்.

பணம் வாங்கிக்கொண்டு வேலையைக் குறைவாய்ச் செய்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டையும் உள்ளடக்கியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இருந்தால்தான் அங்கே பேச வாய் இருக்கும்.

9. விற்பதானாலும், விட்டுவிடுவதானாலும்

விற்கத் தீர்மானித்தால் பழுதை மறைக்காமல் விற்கவேண்டும். "வலப்பக்கம் ஒலிக்கவில்லை, கருகல் வாசனை வந்தது, பரிசோதனைச் சீட்டு இதோ" என்று சொல்லி விற்றால், பாகங்களுக்காக வாங்குகிறவரும், தாமே சீர்ப்படுத்தத் தெரிந்தவரும் நியாயமான விலை கொடுப்பார்கள். "சும்மா வைத்திருக்கிறோம், நன்றாய் ஓடும்" என்று சொல்லி வாங்கும் பத்தாயிரம் அதிகம், நம்முடைய பணமல்ல.

எதற்கும் உதவாது என்றானால் குப்பையில் போடவேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலிருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். பெரிய டிரான்ஸ்பார்மரும் அலுமினியத் தகடுகளும் பழகுகிற ஒரு வாலிபனுக்குப் பிரயோஜனப்படும். அவனுக்குக் கொடுத்தாலும் நல்லது.

சபைகளுக்கு ஒரு வார்த்தை. வாடகை மண்டபத்தில் கூடும் சபையின் ஆம்ப்ளிபையர் சனிக்கிழமை மாலையில் கெட்டுப்போனால், பதற்றத்தில் அன்றே பெருந்தொகைக்கு உடன்படவேண்டாம். அந்த ஞாயிறுக்கு ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பின்பு மேலே சொன்ன ஒழுங்கின்படி பரிசோதனை, எழுத்தில் மதிப்பீடு, பழைய பாகங்கள், ரசீது என்று நடந்து, கணக்கைக் கமிட்டியில் வையுங்கள். வீட்டுக் கருவியில் வீணாகிறது நம் பணம். இங்கே வீணாகிறது, வீட்டுவேலை செய்யும் ஒரு சகோதரி தன் கூலியில் எடுத்து வைத்த பணம்.

சீர்ப்படுத்தினாலும், விற்றாலும், காத்திருந்தாலும், திறந்து பார்த்தபின் தீர்மானியுங்கள். திறவாத பெட்டியின்மேல் வீட்டில் எழும்பும் வாக்குவாதங்களில் பாதி, பெட்டியைத் திறந்தவுடன் தானாய் அடங்கிவிடும்.